தென்னையிடம் பலிக்காத வித்தை

1997இல் தென்னையைத் தொட்ட இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஒன்று கற்பிட்டியில். ஆண்டின் கடைசிப் பகுதியில் அங்குள்ள தோட்டங்களில் குரும்பட்டிகள் வழமைக்கு மாறாக உதிரத் தொடங்கின. விழாமல் நின்ற காய்களில் தொப்பியை ஒட்டி வெளிறிய முக்கோணத் தழும்பு. நாள் போகப் போக அது பழுப்பேறி, வெடித்து, சொறி பிடித்தது போலாகி, காயும் சிறுத்துவிட்டது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் வேலை அது. இலங்கையில் அந்தப் பூச்சி முதன்முதலில் பதிவானது கற்பிட்டிக் குடாநாட்டில்தான்.

மற்றது அதே ஆண்டு ஜனவரி 7ஆம் திகதி அமெரிக்காவில் நடந்தது. ஜப்பான் டொபாக்கோ என்ற கம்பனிக்கு 5,591,616 என்ற இலக்கத்தில் ஒரு காப்புரிமை கிடைத்தது. ஒருவித்திலைத் தாவரங்களின் மரபணுவைப் பற்றீரியாவைக் கொண்டு மாற்றும் முறை என்பது அதன் சாரம். நெல் ஒருவித்திலை. சோளம், வாழை, பனை எல்லாம் ஒருவித்திலை. தென்னையும் அப்படித்தான்.

கற்பிட்டியிலிருந்து வென்னப்புவ வரை தென்னையை நம்பி வாழும் கரையில் அந்தக் காப்புரிமையைப் பற்றி யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கேள்விப்பட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த வித்தை எங்கே பிறந்தது, யார் கையில் வளர்ந்தது, எந்த வாசலில் வந்து நின்றுவிட்டது என்று பின்தொடர்ந்தால் அந்த வாசல் புத்தளம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

வித்தையின் சொந்தக்காரர் மனிதரல்ல, அக்ரோபற்றீரியம் என்ற மண்வாழ் பற்றீரியா. இத்தாலியில் 1897இல் கவாரா என்ற தாவரவியலாளர் திராட்சைக் கொடியின் கட்டிகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 1907இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த எர்வின் ஸ்மித்தும் டவுன்சென்டும் டெய்சிப் பூச்செடியில் அந்தக் கட்டியை வரவழைத்துக் காட்டி, பற்றீரியாதான் காரணம் என்று நிறுவினார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் அது வெறும் நோய்க்கிருமி. 1974இல் பெல்ஜியத்தின் கென்ற் நகரில் ஷெல், வான் மொண்டகு குழுவினர் கட்டிக்குக் காரணமான பெரிய பிளாஸ்மிட்டை, அதாவது பற்றீரியாவுக்குள் தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையத்தை, கண்டார்கள். 1977இல் சியாட்டிலில் மேரி டெல் சில்ட்டனும் கூட்டாளிகளும் பற்றீரியா தன் டிஎன்ஏயில் ஒரு துண்டை எடுத்துச் செடியின் டிஎன்ஏக்குள்ளேயே செருகிவிடுகிறது என்று காட்டினார்கள். ஓர் உயிரி இன்னோர் இராச்சியத்து உயிரியின் மரபைத் திருத்தி எழுதுகிறது. அதுவும் தன் சாப்பாட்டுக்காக. கட்டிக்குள் உருவாகும் ஓப்பைன் என்ற பொருளை இந்தப் பற்றீரியா உண்ணும், மற்றவற்றில் பெரும்பாலானவை உண்ண மாட்டா.

கட்டி வரவைக்கும் மரபணுக்களை வெட்டியெறிந்துவிட்டு, நமக்கு வேண்டியதை அந்த இடத்தில் வைத்தால்? 1983 ஜனவரியில் மயாமியில் நடந்த ஒரே கூட்டத்தில் மூன்று குழுக்கள் இதைச் சாதித்துவிட்டதாக அறிவித்தன: கென்ற் குழு, சில்ட்டன் குழு, மொன்சான்டோ. மூவரும் காப்புரிமைக்கு ஓடினார்கள். யார் முந்தியது என்ற வழக்கு அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டு தசாப்தம் இழுபட்டது. வழக்கறிஞர்கள் நன்றாகச் சம்பாதித்திருப்பார்கள்.

அந்த வெற்றி எல்லாம் புகையிலை, பெற்றூனியா போன்ற இருவித்திலைச் செடிகளில். உலகத்துக்குச் சோறு போடுவது நெல்லும் கோதுமையும் சோளமும். இவற்றை இந்தப் பற்றீரியா இயற்கையில் தொடுவதில்லை. 1976இல் டி கிளீனும் டி லேயும் எந்தெந்தச் செடியில் கட்டி வரும் என்று பெரும் பட்டியலே போட்டார்கள். 600க்கும் மேற்பட்ட இனங்கள் அகப்பட்டன. அவற்றில் ஒருவித்திலை மிகச் சொற்பம். புகையிலை இலையைக் கீறினால் காயத்திலிருந்து அசெற்றோசிரிங்கோன் என்ற பொருள் கசியும். அந்த வாசத்தில்தான் பற்றீரியாவின் தொற்று மரபணுக்கள் விழிக்கின்றன என்று 1985இல் தெரியவந்தது. புல்லினத்தின் காயம் அப்படிக் கூப்பிடுவதில்லை. காயத்தைச் சுற்றி அதன் கலங்கள் மீண்டும் பிரிந்து பெருகுவதுமில்லை. சுவிற்சர்லாந்தின் இங்கோ பொட்ரிகுஸ் 1990இல், தானியங்களில் அக்ரோபற்றீரியத்தை நம்பிப் பயனில்லை என்ற கருத்தில் ஒரு மதிப்பீட்டுக் கட்டுரை எழுதினார். அந்தத் துறையின் பெரிய ஆள் அவர். பலர் நம்பினார்கள். அதற்குள் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பிறந்த மரபணுத் துப்பாக்கி, அதாவது உலோகத் துகளில் டிஎன்ஏயைப் பூசிச் சுடும் கருவி, கையில் இருந்ததால் கம்பனிகளுக்கும் அவசரம் இருக்கவில்லை.

நம்பாதவர்கள் ஜப்பானில் இருந்தார்கள். ஜப்பான் டொபாக்கோ 1985 வரை அரசாங்கக் கூட்டுத்தாபனம். புகையிலை, உப்பு இரண்டுக்கும் அந்த நாட்டின் ஏகபோக உரிமை அதனிடம் இருந்தது. (புகையிலைத் தோட்டமும் உப்பளமும் பார்த்து வளர்ந்த புத்தளத்தாருக்கு இந்தச் சோடி விசித்திரமாகப் படாது.) தனியார்மயமானதும் புதிய தொழில் தேடிய அந்தக் கம்பனி, ஷிசுவோகா மாநிலத்தில் தன் தாவர ஆய்வுகூடத்தில் நெல்லில் கை வைத்தது. யுகோ ஹியெய், தொஷிஹிகோ கோமாரி, அவர்களது சகாக்கள் 1994இல் வெளியிட்ட கட்டுரை நிலைமையைத் தலைகீழாக்கியது. இருவித்திலைகளில் கிடைக்கும் அதே அளவு வெற்றி நெல்லிலும் கிடைக்கிறது என்றார்கள்.

செய்முறையைப் பார்த்தால் சமையல் குறிப்புப் போலத்தான் இருக்கும். நெல்மணியின் உமியை நீக்கி, கிருமி போகக் கழுவி, ஒட்சின் என்ற வளர்ச்சி ஹோர்மோன் கலந்த ஜெலி ஊடகத்தில் வைக்கிறார்கள். சில வாரங்களில் வித்திலைப் பகுதியிலிருந்து மஞ்சள் வெள்ளையாக, ரவை உதிர்ந்தது போல ஓர் இழையத் திரள் வரும். அதுதான் கலஸ். இலையுமில்லை வேருமில்லை, எதுவாகவும் மாறக்கூடிய கலங்கள். அவற்றைப் பற்றீரியாக் கரைசலில் சில நிமிடம் தோய்த்து, ஒற்றியெடுத்து, 25 பாகை வெப்பத்தில் இருட்டில் மூன்று நாள் வைக்கவேண்டும். நெல் தானாகக் கூப்பிடாது என்பதால் அசெற்றோசிரிங்கோனைக் கையால் சேர்க்கிறார்கள். பிறகு பற்றீரியாவைக் கொல்ல ஒரு நுண்ணுயிர்க்கொல்லி, மரபணு ஏறாத கலங்களைக் கொல்ல ஹைகுரோமைசின். தப்பிய துணுக்குகள் வெளிச்சத்தில் பச்சை கட்டும். கோமாரியின் பங்கு பற்றீரியாவுக்குள் இருந்தது: தீவிரமாகத் தொற்றும் வேறொரு வகையிலிருந்து தொற்று மரபணுக்கள் சிலவற்றை மேலதிகமாக ஏற்றி அதன் பலத்தைக் கூட்டியிருந்தார். 1996இல் அதே ஆய்வுகூடம் சோளத்திலும் சாதித்தது.

காப்புரிமை எழுதுபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தானியத்தில் செய்து காட்டுவார்கள், ஒருவித்திலை என்று எழுதுவார்கள். ஒரே சொல்லில் ஓக்கிட்டும் இஞ்சியும் பனையும் தென்னையும் வேலிக்குள் வந்துவிட்டன. அவற்றில் எதிலும் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. ரொலிடோ பல்கலைக்கழகம் 1993இலேயே புல்லினத்துக்கும் சோளத்துக்கும் என்று வேலி போட்டிருந்தது. 1999இல் பயனியர் விதைக் கம்பனி சோளத்தின் முற்றாத முளையத்துக்கு இன்னொன்று போட்டது. எல்லாருடைய கண்ணும் சோளத்தில். ஆண்டுதோறும் விதை வாங்கும் விவசாயி அங்கேதான் இருக்கிறார்.

வேலிகளின் பாரம் எவ்வளவு என்று உலகுக்குத் தெரிந்தது 2000இல். பொட்ரிகுஸும் பேட்டர் பையரும் விற்றமின் ஏயின் மூலப்பொருளை அரிசிக்குள் உருவாக்கி ‘பொன்னரிசி’யை அறிவித்தார்கள். நெல்லுக்குள் மரபணுவை ஏற்ற அவர்கள் பயன்படுத்தியது அக்ரோபற்றீரியத்தை! பத்து வருடம் முன்பு அது உதவாது என்று எழுதிய அதே பொட்ரிகுஸ். ஆய்வாளர் ஒருவர் தன் பழைய எழுத்தை இப்படித் தன் கையாலேயே பொய்யாக்குவது நல்ல அறிகுறி என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த அரிசியைச் சுற்றி எத்தனை காப்புரிமை என்று ஒரு சர்வதேச அமைப்பு எண்ணிப் பார்த்தது. ஏறத்தாழ 70 வந்தது. ஏழை விவசாயிகளுக்கு இலவசம் என்ற ஏற்பாட்டுக்கு உரிமையாளர்கள் கடைசியில் இணங்கினார்கள், ஆண்டு வருமானம் 10,000 டொலருக்குக் கீழே இருக்கவேண்டும் என்ற எல்லையோடு.

வேலியைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்த ஒருவரும் உண்டு. ரிச்சர்ட் ஜெஃபர்சன், செடியில் மரபணு ஏறியதா என்று நீலப் புள்ளியாகக் காட்டித்தரும் ‘குஸ்’ மரபணுவை 1987இல் கேட்டவர்க்கெல்லாம் அனுப்பிவைத்தவர். கன்பராவில் ‘கம்பியா’ என்ற நிறுவனத்தை அமைத்தார். காப்புரிமைகள் ‘அக்ரோபற்றீரியம்’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றன. வேறு பற்றீரியாவால் இதே வேலையைச் செய்ய முடிந்தால் என்ன என்று அவரது குழு யோசித்தது. 2005இல் நேச்சர் ஆய்விதழில் விடை வந்தது. அவரை இனச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் றைசோபியம் முதலிய மூன்று வகைப் பற்றீரியாக்களுக்குள் அந்தப் பிளாஸ்மிட்டை ஏற்றினால் அவையும் மரபணுவைக் கடத்தின, நெல்லுக்குள்ளும். மேம்படுத்தினால் மற்றவர்களோடும் பகிரவேண்டும் என்ற நிபந்தனையில் அதைத் திறந்துவிட்டார்கள். வேகம் அக்ரோபற்றீரியத்தைவிடக் குறைவு. அதனால் பெரிதாகப் பரவவில்லை. ஆனால் கம்பியாவின் பிளாஸ்மிட்டுகள் உலகமெங்கும் பரவின.

சரி, இந்த வேலி இலங்கையில் யாரைத் தடுத்தது?

காப்புரிமை நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் தந்தது இலங்கையில் ஒருவரையும் தடுக்காது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 62ஆம் பிரிவில், தாவரத்துக்கும் விலங்குக்கும் காப்புரிமை இல்லை என்கிறது. அதே வரியில் மரபணு மாற்றிய நுண்ணுயிருக்கு விலக்கு அளிக்கிறது. தாவரத்தை உருவாக்கும் உயிரியல் முறைக்குக் காப்புரிமை இல்லை. நுண்ணுயிரியல் முறைக்கு உண்டு. அதாவது மரபணு மாற்றிய தென்னையைச் சொந்தம் கொண்டாட முடியாது, அதை மாற்றிய பற்றீரியாவையும் அந்த முறையையும் கொண்டாடலாம். வாசலைச் சாத்திவிட்டு யன்னலைத் திறந்துவைத்த இந்த வாசகத்தைச் சட்டம் எழுதியவர்கள் சொந்தமாக யோசித்திருக்கத் தேவையில்லை. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்திலேயே அதன் அச்சு இருக்கிறது.

ஏற்றுமதியில் இன்னொரு சிக்கல். அமெரிக்கச் சட்டப்படி, அங்கே காப்புரிமை பெற்ற முறையால் வெளிநாட்டில் உண்டாக்கிய பொருளை அங்கே கொண்டுபோனாலும் அது உரிமை மீறல். தேங்காய்த் துருவலும் எண்ணெயும் பாலும் கப்பலேறும் ஒரு நாட்டுக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பொருள் பெரிதாக உருமாறினால் விலக்கு உண்டு, ஆனால் கொப்பரா எண்ணெயானால் உருமாற்றமா என்று வாதிட வழக்கறிஞருக்குக் கட்டணம் கட்ட வேண்டியது நாம்தான். ஆய்வுகூடங்களைப் பொறுத்தவரை வேலி வருவது வேறு வழியில்: பிளாஸ்மிட் வரும் பொதியோடு ஒரு ஒப்பந்தப் படிவமும் வரும். ஆராய்ச்சிக்கு மட்டும், விற்பனைக்கு வேண்டுமானால் எங்களிடம் கேள் என்று அதில் இருக்கும்.

அரசாங்கத்தின் மனமும் ஒரு நிலையில் நின்றதில்லை. 2001இல் மரபணு மாற்றிய உணவைத் தடை செய்கிறோம் என்று அறிவித்து, வெளியிலிருந்து நெருக்குதல் வந்ததும் தள்ளிப்போட்டு, கடைசியில் கைவிட்டார்கள். 2004இல் கார்ட்டஜீனா உயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கையில் சேர்ந்தார்கள். 2007இலிருந்து அத்தகைய உணவின் இறக்குமதிக்கும் சுட்டுத்துண்டுக்கும் ஒழுங்குவிதி இருக்கிறது. நெல்லில் வித்தை இங்கும் வந்து சேர்ந்தது: ஏறத்தாழ 80 நாளில் விளையும் பிஜி 250 என்ற நம் நெல்லினத்தில் அக்ரோபற்றீரியத்தைக் கொண்டு மரபணு ஏற்றும் முறையைப் பேராதனைப் பட்டப்பின் விவசாய நிறுவகத்தின் ஆய்விதழ் 2010இல் வெளியிட்டது. வயலுக்கு எதுவும் வரவில்லை.

நெல் திறந்துவிட்ட கதவைத் தென்னை திறக்கவில்லை. இதில் ஒரு பெரிய நியாயக்கேடு இருக்கிறது. இழைய வளர்ப்பு என்ற கலையே தேங்காய்த் தண்ணீரில் வளர்ந்தது. 1941இல் வான் ஓவர்பேக்கும் கூட்டாளிகளும் ஊமத்தையின் மிகச் சின்ன முளையங்களை வளர்க்க முடியாமல் திணறியபோது தேங்காய்த் தண்ணீரைச் சேர்த்தார்கள், வளர்ந்தன. 1948இல் கப்ளினும் ஸ்ருவர்டும் கரட் துண்டுகளில் சேர்த்தார்கள், பெருகின. அதிலே என்ன இருக்கிறது என்று தேடிய தேடல்தான் சைற்றோகைனின் என்ற ஹோர்மோன் வகையையே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இன்றும் ஓக்கிட் வளர்ப்பவர்கள் ஊடகத்தில் அதை ஊற்றுகிறார்கள். அந்தத் தண்ணீருக்கு யாரும் காப்புரிமை எடுக்கவில்லை, எந்தத் தென்னங்கரைக்கும் யாரும் பங்கு அனுப்பவுமில்லை. எல்லாச் செடிக்கும் பெருகச் சொல்லிக்கொடுத்த மரம் தான் மட்டும் பெருக மறுக்கிறது.

வென்னப்புவையிலிருந்து கொஞ்சம் உள்ளே, லுணுவிலையின் பண்டிரிப்புவ தோட்டத்தில் 1929இல் தொடங்கியது தெங்கு ஆராய்ச்சி நிறுவகம். அங்கே இழைய வளர்ப்பில் செலவழிந்த ஆண்டுகளைப் பார்த்தால் இந்த மரத்தின் பிடிவாதம் விளங்கும். தென்னைக்கு ஒரே ஒரு குருத்து. வாழையைப் போலக் குட்டி போடாது, கிளை விடாது. வெட்டி நடுவதற்கு ஒன்றுமில்லை. நல்ல காய்ப்புள்ள மரம் ஒன்றைக் கண்டால் அதன் பிரதியை எடுக்க இழையம் ஒன்றே வழி.

எடுப்பது இப்படி. முற்றிய தேங்காயின் மூன்று கண்ணில் மென்மையான கண்ணுக்குக் கீழே பருப்புக்குள் முளையம் பதிந்திருக்கும். துளைக்கும் குழாயால் பருப்போடு சேர்த்து அதை உருளையாகத் தோண்டி எடுப்பார்கள். கிருமி நீக்கியபின் முளையத்தைப் பிளந்தால் உள்ளே ஒரு மில்லிமீற்றர்கூட இராத வெள்ளைப் பொட்டு: முளைக்குருத்து. நுணுக்குக்காட்டியின் கீழே கத்தி நுனியில் அதை எடுத்து ஊடகத்தில் வைக்கவேண்டும். தென்னையின் வெட்டுவாய் உடனே கறுக்கும், கறுத்தால் செத்துவிடும். அதைத் தடுக்கக் கரித்தூள் சேர்க்கிறார்கள். கலஸ் வருவதற்கு வேண்டியது 2,4-டி, வயலில் களைக்கு அடிக்கிறார்களே, அதேதான். இந்த 2,4-டியின் பெரும்பகுதியைக் கரி உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே இழையத்துக்கு உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. ஒரு மரத்தில் கலஸ் வரும், பக்கத்து மரத்தில் வராது. வந்தாலும் அதில் முளையமாகத் திரள்வது கொஞ்சம், கன்றாகி மண்ணில் நிற்பது இன்னும் கொஞ்சம்.

முளைக்குருத்திலிருந்து வரும் கன்று விதையின் குணத்தைக் காட்டுமே தவிரத் தாய்மரத்தின் பிரதி ஆகாது. அதற்குத் தாய்மரத்தின் உடலிலிருந்தே எடுக்கவேண்டும். 2007இல் லுணுவில ஆய்வாளர்கள் பிரெஞ்சு நிறுவனத்தாரோடு சேர்ந்து, விரியாத பாளையில் இருக்கும் பெண்பூவின் கருவுறாத சூலகத்திலிருந்து முளையங்களை உருவாக்கிக் காட்டினார்கள். அதற்கு முன் யாரும் தென்னையில் அந்த உறுப்பைப் பயன்படுத்தியதில்லை. உலகத் தெங்கு ஆய்வில் லுணுவிலையின் பெயர் நிற்கும் இடங்களில் இது ஒன்று.

பற்றீரியாவைத் தென்னையோடு சந்திக்க வைத்தவர்கள் மெக்சிக்கோவின் யுகற்றானில் இருந்தார்கள். மஞ்சள் அழிவு நோய் அங்கே தோப்புகளைத் துடைத்தெடுத்துக்கொண்டிருந்தது. தென்னைக் கலஸை அக்ரோபற்றீரியத்தில் தோய்த்து, அடையாள மரபணு உள்ளே வேலை செய்வதை 2011இல் வெளியிட்டார்கள். நுழைகிறது. அதற்கு மேல்தான் கதை நிற்கிறது: நுழைந்த கலம் மரமாக வேண்டும். நெல்லில் அது சில மாத வேலை. தென்னையில் கன்று வந்தாலும் காய்க்க ஆறேழு வருடம். இன்று உலகில் எங்கும் மரபணு மாற்றிய தென்னை வணிகத்துக்காகப் பயிரிடப்படவில்லை.

கற்பிட்டியில் தொடங்கிய சிற்றுண்ணிக்கு மருந்து மரபணுவிலிருந்து வரவில்லை. எண்ணெயும் கந்தகமும் கலந்து தெளித்துப் பார்த்தார்கள். உயர்ந்த மரத்துக்கு ஏறித் தெளிக்கக் கட்டுமா? பிறகு அந்தச் சிற்றுண்ணியைத் தின்னும் இன்னொரு சிற்றுண்ணியை, நியோசெயுலஸ் பராக்கியை, லுணுவிலையில் வளர்த்துத் தோட்டங்களில் விட்டார்கள். பூச்சிக்குப் பூச்சி. அதற்கு வெளியாரின் உரிமப் பத்திரம் தேவைப்படவில்லை.

5,591,616இன் 17 ஆண்டுக் காலம் 2014 ஜனவரியில் முடிந்தது. இப்போது எவரும் கட்டணமின்றி அந்த முறையைப் பயன்படுத்தலாம். அந்த 17 ஆண்டில் தென்னை விஷயத்தில் அது தடுத்ததாக எதையும் என்னால் சுட்டிக்காட்ட முடியாது. காப்புரிமையைத் திட்டுவது சுலபம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் தென்னை பின்தங்கியதன் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. சோளத்தின் முளையத்தை வசப்படுத்தக் கம்பனிகள் ஆய்வுகூடம் ஆய்வுகூடமாகக் கட்டின. ஒருமுறை நட்டால் அரை நூற்றாண்டு நிற்கும் மரத்தில், மறுபடி விதை வாங்க வராத தோட்டக்காரரிடம், அவர்களுக்கு என்ன லாபம்? அந்தச் செலவைச் செய்யவேண்டியவை தென்னை விளையும் நாடுகளின் அரசாங்கங்கள். அவை கொடுத்தது ஆய்வுகூடத்தின் விளக்கு அணையாமல் இருக்கப் போதுமானது, அவ்வளவுதான்.

அவசரம் இப்போது தெற்கிலிருந்து வருகிறது. 2006இல் வெலிகமையில் ஓர் ஓலை வாடல் நோய் கண்டார்கள். பைற்றோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரின் வேலை, மருந்தில்லை. நோய் வந்த பகுதியிலிருந்து கன்றுகளை வெளியே கொண்டுபோகத் தடை போட்டு, வடக்கே தென்னை முக்கோணம் எனப்படும் முக்கிய விளைநிலப் பகுதிக்குள் அது ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நோய்க்குள்ளும் பசுமையாக நிற்கும் மரங்கள் அங்கங்கே உண்டு. அவற்றைப் பெருக்க இழையம் வேண்டும். மரபணுத் திருத்தம் செய்வதானாலும் முதலில் இழையம் வேண்டும். 2021இல் பெல்ஜியத்தின் லூவெனில் ஒரு குழு, தென்னைக் குருத்தின் வளர்முனையைக் கிளைக்க வைத்துப் பக்கக் குருத்துகளைப் பெருக்கும் முறையொன்றை வெளியிட்டது.

அப்படியொரு முறை தோட்டங்களுக்கு வந்து சேரும்வரை விதை வருவது சிலாபத்துக்கு உள்ளே அம்பகெலையிலிருந்து. 1955இல் தொடங்கிய தனிமைப்படுத்திய விதைத் தோட்டம் அது. வெளி மகரந்தம் வந்து கலக்காமல் காடு சூழ ஒதுக்கிய நிலத்தில், தேர்ந்தெடுத்த தாய்மரங்களிலிருந்து கலப்பு விதைக்காய்களை எடுக்கிறார்கள். குட்டை மரத்தையும் நெட்டை மரத்தையும் சேர்த்த கலப்பினத்துக்குத் தாய்மரத்தின் பாளை விரிந்ததும் ஆண்பூக்களை உருவி எறியவேண்டும், ஒரு பாளை, அடுத்த பாளை என்று ஆண்டு முழுக்க. ஒரு பாளையில் ஆண்பூ ஆயிரக்கணக்கில் இருக்கும். உருவுவது கையால்.